எதற்கு, என்றைக்கு: வாழைக்காயும் வாழைப்பழமும் பார்த்து வாங்கும் முறை

கோபிசெட்டிபாளையத்தில் பழக்கடை முன்னால் போய் நின்றால், அனுபவமுள்ள கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவார். "எதுக்குங்க வேணும்? என்னைக்குங்க வேணும்?" வாழையைப் பார்த்து வாங்கும் கலை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அவற்றுக்குப் பதில் சொல்லாமல், "நல்லதாப் பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும் சீப்பை வாங்கி வந்து, மறுநாள் பாதியைச் சாப்பிட்டு, மூன்றாம் நாள் மீதியை மாட்டுத் தொட்டியில் போடுகிறோம். இன்று மாலை சாப்பிட நல்லதாக இருக்கும் பழம் நாளை மறுநாள் பூசைக்கு உதவாது; பொரியலுக்கு நல்லதாக இருக்கும் காய் பழுக்க வைத்தால் தேறாது. ஆகவே கடைக்குக் கிளம்பும்போதே அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதிலை மனத்தில் வைத்துக்கொண்டு போவதுதான் முதல் வேலை.

கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் பெரிய வசதி உண்டு. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் கோபி, சத்தியமங்கலம் பக்கத்தில் நெல்லுக்கும் மஞ்சளுக்கும் கரும்புக்கும் இணையாக வாழை நிற்கிறது. காவிரிக் கரையில் பரமத்திவேலூர், மோகனூர் வட்டாரம் பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் பேர் போனது. மேற்கே மேட்டுப்பாளையம், சிறுமுகை, தொண்டாமுத்தூர் பக்கம் நேந்திரன் தோட்டங்கள் அதிகம்; அதில் பெரும்பகுதி ஓணத்தையொட்டிக் கேரளத்துக்குப் போய்விடுவதால், ஆவணி மாதத்தில் நேந்திரன் விலை ஏறுவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். இப்படி ஏழெட்டு ரகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் விளையும்போது, எந்த வேலைக்கும் ஒரே ரகத்தை வாங்கிக்கொண்டிருப்பது வீணான பழக்கம்.

ஒரு முன்னெச்சரிக்கை. வாழையின் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். கோபி ஏலத்தில் கிலோக் கணக்கில் விலை போகும் கதலி என்பது சிறு விரலும் மெல்லிய தோலும் கொண்ட, வேறு ஊர்களில் ஏலக்கி என்றோ ஞாலிப்பூவன் என்றோ சொல்லப்படும் பழம். தெற்கே போனால் கதலி என்று கேட்டால் வேறொன்றை எடுத்துக் கொடுப்பார்கள். கற்பூரவள்ளியைத் தேன்வாழை என்பவர்களும் உண்டு. ஆகவே பெயரைச் சொல்லிக் கேட்டாலும், விரலின் நீளம், தோலின் தடிமன், முனைப்பட்டை (காயின் நீளவாக்கில் ஓடும் விளிம்பு) ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

சமையலுக்கு

காயாகச் சமைப்பதற்கு முதலிடம் மொந்தனுக்குத்தான். நான்கைந்து முனைகள் தெளிவாகத் தெரியும் பருத்த காய், தடித்த தோல், தோலின்மேல் லேசாகச் சாம்பல் பூத்தது போன்ற பூச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். அந்தச் சாம்பல் பூச்சு கலையாமல் இருந்தால் பல கை மாறாமல் வந்த காய் என்று கொள்ளலாம். சீப்பை வெட்டிய இடத்தைப் பாருங்கள்: வெளுப்பாகவோ இளம் பழுப்பாகவோ ஈரம் காயாமல் இருந்தால் புதிது, கறுத்துச் சுருங்கியிருந்தால் வெட்டி நாளாகிவிட்டது. கடைக்காரர் அனுமதித்தால் ஒரு காயை மட்டும் காம்போடு முறித்துப் பாருங்கள். பால் கெட்டியாகவும் வெண்மையாகவும் உடனே துளிர்த்து நின்றால் அது முழுக் காய். பால் தண்ணீராக ஒழுகினாலோ வராமலே போனாலோ உள்ளே பழுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளித்தோல் இன்னும் பச்சையாக இருந்தாலும் ஏமாறக் கூடாது.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், காயின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்துதான். அந்த மாவுதான் பொரியலில் துண்டு உடையாமல் நிற்பதற்கும், வறுவலில் மொறுமொறுப்பு ஏறுவதற்கும் காரணம். பழுக்கத் தொடங்கியதும் மாவு சர்க்கரையாக மாறுகிறது. அந்த நிலையில் உள்ள காயை வாணலியில் போட்டால் ஓரம் கருகும், நடுப்பகுதி குழையும், உப்பும் மிளகாயும் போட்ட பொரியலில் இடம் தெரியாத இனிப்பு ஒன்று வந்து சேரும். அப்படிப்பட்ட காய் கையில் இருந்தால் பொரியல் செய்யாமல் புளிக்குழம்பில் போடுவது நல்லது. புளியும் காரமும் அந்த இனிப்பைத் தாங்கிக்கொள்ளும்.

முற்றலிலும் அளவு உண்டு. பொரியலுக்கும் கூட்டுக்கும் முக்கால் பதம் முற்றிய காய் போதும். முனைகள் கூர்மையாகத் தெரியலாம். வேகவைத்துத் துருவிப் புட்டு செய்வதற்கு நன்றாக முற்றிய காய்தான் வேண்டும். பிஞ்சாக இருந்தால் துருவல் உதிராமல் பசையாகிவிடும். பஜ்ஜிக்கு நீளமும் அகலமும் உள்ள மொந்தனைத் தேர்ந்து, நீளவாக்கில் மெல்லியதாகச் சீவ வேண்டும். சிப்ஸுக்கு மொந்தனை எடுப்பவர்கள் உண்டு, ஆனால் நேந்திரனுக்கு அது ஈடாகாது. சிப்ஸுக்கான நேந்திரன், முனைகள் சற்று மழுங்கி விரல் உருண்டு திரண்ட காயாக இருக்க வேண்டும். இளங்காயைச் சீவிப் போட்டால் எண்ணெயைக் குடித்துக்கொண்டு வெளுத்துக் கிடக்கும். முற்றிய நேந்திரங்காயை முறித்தால் சதை வெள்ளையாக இல்லாமல் இளமஞ்சளாகத் தெரியும்; நான் அதைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறேன்.

சித்திரை, வைகாசி மாதங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோடை மழையோடு சூறைக்காற்று அடித்தால், தார் போட்டு நிற்கும் வாழைகள் ஒரே இரவில் ஏக்கர் கணக்கில் சாய்ந்துவிடுகின்றன. பத்து மாதம் வளர்த்தவர்களுக்கு அது தாங்க முடியாத இழப்பு. விழுந்த தார்களை வெட்டி வந்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த வாரம் சந்தையில் காய் மலிந்து கிடக்கும். அதைத் தாராளமாக வாங்குங்கள், விளைவித்தவருக்கும் அது உதவி. ஆனால் சமையலுக்கு மட்டும் வாங்குங்கள். முற்றாத தாரை எவ்வளவு மூட்டம் போட்டாலும் (மூடி வைத்துப் பழுக்க வைத்தாலும்) தோல்தான் மஞ்சளாகும். சதையில் இனிப்பும் ஏறாது, வாசனையும் வராது. பூவன், கதலிக் காய்களும் அப்போது சமையலுக்கு வரும். மொந்தனைவிடத் துவர்ப்பு மிகுந்தவை என்பதால், தோலை ஆழமாகச் சீவி, அரிசி களைந்த தண்ணீரில் அல்லது மோர் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வைத்துப் பிறகு சமைக்கலாம். காற்றுப் பட்டுச் சதை கறுப்பதையும் அந்தத் தண்ணீர் தடுக்கும். நறுக்குவதற்கு முன் கையிலும் அரிவாள்மனையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது.

நல்ல மொந்தனின் தோலை எறிய வேண்டாம். மேல் நாரை நீக்கிப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, வரமிளகாயும் உளுந்தும் புளியும் வறுத்துச் சேர்த்து அரைத்தால் துவையல். தோலுக்காகவே மருந்து தெளிக்காத தோட்டத்துக் காய் கிடைக்குமா என்று உழவர் சந்தையில் விசாரிப்பது நல்லது.

சாப்பிடுவதற்கு

பழத்துக்கு வரும்போது, ரகத்தின் குணத்தை அறியாமல் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. ஒவ்வொரு ரகமும் தான் பழுத்ததை வேறு வேறு விதமாகக் காட்டும்.

பூவன் வீட்டுக்கு எப்போதும் உதவும் பழம். நன்கு பழுத்தாலும் சீப்பை விட்டு உதிராமல் நிற்கும் என்பதால் பூசைக்கும் தாம்பூலத் தட்டுக்கும் ஏற்றது. அதன் இனிப்போடு சேர்ந்த புளிப்பு சிலருக்குப் பிடிக்காது; உண்மையில் அவர்கள் பழத்தைச் சரியான நாளில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். நுனியிலும் காம்பிலும் பச்சை மறைந்து, தோல் சற்று மெலிந்து, ஓரிரு கரும்புள்ளிகள் விழுந்த பிறகு சாப்பிட்டால் புளிப்பு பின்னுக்குப் போய்விடும்.

கதலி குழந்தைகளுக்கு ஏற்ற சின்னப் பழம். தோல் மெல்லியது என்பதால் விரைவில் அடிபடும். வாங்கும்போது சீப்பைத் திருப்பி, தரையில் பட்டிருந்த பக்கத்தில் நசுங்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதன் இனிப்பில் ஏலக்காயை நினைவூட்டும் மணம் இருப்பது நன்கு பழுத்ததற்கு அடையாளம்.

ரஸ்தாளியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் விரும்புவதும் அதிகம் ஏமாந்ததும் இந்தப் பழத்தில்தான். மெல்லிய தோல், வெண்ணெய் போன்ற சதை, அறை முழுவதும் பரவும் மணம் என்று எல்லா விதத்திலும் சிறந்தது. ஆனால் வாடல் நோய்க்கு மிக எளிதில் இரையாகும் ரகம் என்பதால் பயிரிடுபவர்கள் குறைந்து, விலையும் கூடியிருக்கிறது. பழுத்தவுடன் காம்பில் பிடிப்பு விட்டு, சீப்பிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு உப்பு சர்க்கரை மாற்றும் விசேஷத்துக்கு (நிச்சயதார்த்தத்துக்கு), மணமாக இருக்கட்டும் என்று நான் ஆசைப்பட்டு ரஸ்தாளித் தாரை மூன்று நாள் முன்னதாக வாங்கி மாட்டி வைத்தேன். விசேஷத்தன்று விடியற்காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால், தாரின் கீழே விரித்திருந்த சாக்கின்மேல் பழங்கள் உதிர்ந்து கிடந்தன; தண்டில் காம்புகள் மட்டும் நின்றன. சீர்த் தட்டில் சீப்பாக வைக்க ஒன்றுகூட இல்லை. என் அம்மாயி (அம்மாவின் அம்மா) ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லாமல், பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பிப் பூவன் வரவழைத்து, "ரஸ்தாளி வாய்க்கு, பூவன் தட்டுக்கு கண்ணு" என்று மட்டும் சொன்னார்கள். அன்றிலிருந்து ரஸ்தாளியை நான் தாராகவோ முழுதாகப் பழுத்ததாகவோ வாங்குவதில்லை. காம்பில் இன்னும் இளம்பச்சை ஓடும் அரைச் சீப்பை மட்டும் வாங்கி, இரண்டு நாளில் தீர்த்துவிடுகிறேன். ரஸ்தாளியில் இன்னொரு குறையும் வரும். வெளியே நன்றாகப் பழுத்திருந்தும் சதைக்குள் கட்டி கட்டியாகக் கல் போல் நிற்கும். விரலால் நீளவாக்கில் மெதுவாக வருடினால் மென்மைக்கு நடுவே அங்கங்கே கெட்டியாகத் தட்டுப்படும். அந்தச் சீப்பை விட்டுவிடலாம்.

கற்பூரவள்ளி நல்ல இனிப்பு. அதன் தோல் தடித்தது, சாம்பல் பூத்தது. ஆகவே பளிச்சென்ற மஞ்சளை அதில் எதிர்பார்க்கக் கூடாது. மங்கிய பொன்னிறத்துக்கு வந்து, விரலால் அழுத்தினால் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும்போது அது தயார். சில பழங்களில் மிளகளவு கறுத்த விதைகள் இருக்கும்; அது கெட்ட பழத்துக்கு அடையாளமல்ல, மகரந்தம் சேர்ந்ததால் விழுந்த விதை. பல்லில்லாத பெரியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்கும்போது மட்டும் பிட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

செவ்வாழை பெரும்பாலும் ஒற்றைப் பழமாக விலை போவதால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. கருஞ்சிவப்பாக இருக்கும்வரை அது காய்தான். சிவப்பு வெளுத்து ஆரஞ்சு கலக்க வேண்டும், காம்புக்கு அருகில் அழுத்தினால் நெகிழ வேண்டும். அவசரப்பட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இதுக்கா இந்த விலை?" என்று சலித்துக்கொள்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், இரண்டு நாள் பொறுத்திருந்தால் அவர்களே இன்னொன்று கேட்டிருப்பார்கள்.

நேந்திரன் பழுத்தாலும் மற்ற ரகங்களைவிட மாவு கூடுதலாகத் தங்கும் இனம். மஞ்சளானவுடன் உரித்தால் வாயில் மாவாக ஒட்டும். தோலில் பாதிக்குமேல் கறுப்பு படர்ந்த பிறகு அப்படியே சாப்பிடலாம்; அதற்கு முந்தைய நிலையில் தோலோடு ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவதே சிறப்பு. கறுத்த நேந்திரனை அழுகியது என்று எண்ணி அரை விலைக்குத் தள்ளும் கடைகள் உண்டு. தோல் கறுத்திருந்தாலும் கசிவில்லாமல், புளித்த வாடை வராமல் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

பச்சைநாடனை அதை விரும்புகிறவர்கள் தேடி வாங்குவார்கள். மிதமான இனிப்பு, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று சாப்பிட ஏற்றது.

மஞ்சள் நிறம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை

நாம் பச்சைப்பழம் என்று சொல்லும் ரொபஸ்டாவும், திசு வளர்ப்புக் கன்றுகளாக வந்து இப்போது எங்கும் நிற்கும் ஜி9 (கிராண்ட் நைன்) ரகமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஏறத்தாழ 25 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பழுத்தால், சதை கனிந்து இனித்தாலும் தோலில் உள்ள பச்சையம் முழுதாக மறையாது. நம்மூர் வெயிலில் மூட்டம் போட்ட பழம் பச்சையாகவே நிற்பதற்கு இதுதான் காரணம். அதே தாரை 16 முதல் 18 டிகிரி வரை குளிரூட்டிய அறையில் எத்திலீன் வாயு விட்டுப் பழுக்க வைத்தால் எலுமிச்சை மஞ்சளாக வெளியே வரும். ஆகவே சூப்பர் மார்க்கெட்டில் பளபளக்கும் மஞ்சள் பழமும், சந்தை ஓரத்தில் தள்ளுவண்டியில் இருக்கும் பச்சைப்பழமும் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். பச்சைப்பழத்தை நிறத்தால் பார்க்க வேண்டாம். காம்புக்கு அருகில் பிடித்து அழுத்திப் பார்த்து, மோந்து பார்த்து வாங்குங்கள்.

எத்திலீன் என்பது பழங்களே தமக்குள் உண்டாக்கிக்கொள்ளும் வாயு. அதை அறையில் அளவோடு, அதாவது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு வரை பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைப்பது 2011 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி தடை செய்யப்பட்டது. அந்தக் கல்லிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயுவோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நச்சு எச்சமும் சேர்ந்து வரும் என்பதே காரணம். கல் வைத்த பழத்தில் காம்பு கரும்பச்சையாக நிற்க, தோல் மட்டும் ஒரே சீரான மஞ்சளாக இருக்கும். உரித்தால் சதை விறைப்பாக, மணமில்லாமல் இருக்கும். ஆனால் அறையில் எத்திலீன் விட்டுப் பழுத்த பழத்திலும் தொடக்க நாளில் காம்பு பச்சையாகவே இருக்கும் என்பதால், இந்த அடையாளத்தை மட்டும் வைத்து ஒரு கடைக்காரரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஐயம் இருக்கிறவர்களுக்கு உறுதியான வழி ஒன்றுதான்: முற்றிய காயாக வாங்கி வீட்டில் பழுக்க வையுங்கள்.

எந்த ரகமானாலும் சீப்பின் கழுத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். விரல்கள் சேரும் கழுத்து கறுத்து ஈரமாக இருந்தால் அழுகல் அங்கிருந்துதான் இறங்கும். பழங்கள் பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் மறுநாள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். விரலின் நுனி சாம்பல் நிறத்தில் உலர்ந்து உள்வாங்கியிருந்தாலும் விட்டுவிடலாம். தோலில் மேலோட்டமாகத் தெரியும் பழுப்புக் கீறல்கள் காற்றில் இலை உரசியதால் வந்தவை. அவற்றால் உள்ளே ஒரு கேடும் இல்லை, விலையைக் குறைத்துக் கேட்க மட்டும் பயன்படும்.

வீட்டில் பழுக்க வைத்தல்

தாராக வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தண்டோடு ஒட்டிய மேல் சீப்புகள்தான் முதலில் விரிந்தவை, பெரியவை, முதலில் முற்றுபவை. கீழே போகப் போக விரல்கள் சிறுத்து இளசாக இருக்கும். ஆகவே தார் கணக்கில் விலை பேசும்போது சீப்புகளை எண்ணுவதோடு நிற்காமல், கடைசி இரண்டு சீப்புகளின் முற்றலையும் பார்க்க வேண்டும். அவையும் முக்கால் பதம் வந்திருந்தால் முழுத் தாரும் பழுத்துத் தேறும். பூ ஒட்டியிருந்த நுனி காய்ந்து, விரல் பட்டதும் உதிர்ந்தால் அது முற்றிய தார்.

சீப்புகளைக் கூர்மையான கத்தியால் தண்டை ஒட்டி வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வாழை இலைமேல் அரை மணி நேரம் வைத்தால் பால் வடிந்துவிடும். கழுவித் துடைத்து, ஈரம் முழுதும் காய்ந்த பிறகு, சாக்குப் பையிலோ மூடியுள்ள அண்டாவிலோ வைக்கோலுக்கு நடுவே அடுக்கி, நன்றாகப் பழுத்த பழம் ஒன்றைக் கூட வைத்து மூடுங்கள். அந்தப் பழத்திலிருந்து வரும் எத்திலீன் மற்றவற்றைத் தூண்டிவிடும். அந்தக் காலத்தில் குழி வெட்டி, தாரை அடுக்கி, ஓரத்தில் புகை மூட்டம் போட்டதும் இதே வேலையைத்தான் செய்தது. புகையிலும் அந்த வாயு இருக்கிறது. வைகாசியில் இரண்டு நாள் போதும். மார்கழி, தையில் நான்கைந்து நாள் ஆகும். நிறம் திரும்பத் தொடங்கியதும் வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். மூட்டத்துக்குள்ளேயே விட்டுவைத்தால் சூடு ஏறி, தோல் வெடித்து, பழம் புளித்துவிடும்.

காயையோ அரைப் பழத்தையோ குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்குக் குளிர்ச் சேதம் வரும். தோல் கறுக்கும், பழுக்கும் வேலையும் இடையில் நின்றுபோகும். முழுதாகப் பழுத்ததை ஓரிரு நாள் தள்ளிப்போட வேண்டுமானால் மட்டும் வைக்கலாம். அப்போதும் தோல் கறுக்கும், ஆனால் சதை நன்றாகவே இருக்கும்.

நாள் கணக்கு வைத்து வாங்க விரும்புபவர்களுக்கு ஒரு யோசனை: வாராவாரம் சந்தைக்குப் போகும் வீடாக இருந்தால், ஒரே ரகத்தில் பழுத்தது அரைச் சீப்பு, நிறம் திரும்பியது அரைச் சீப்பு, முற்றிய காய் ஒரு சீப்பு என்று மூன்று பதத்தில் எடுத்துக்கொள்வது என் வழக்கம். முதலாவது ஓரிரு நாளுக்கு, இரண்டாவது வார நடுவுக்கு, மூன்றாவது வாரக் கடைசிக்கு. தைப்பூசம், ஆயுத பூஜை, முகூர்த்த நாட்கள் வரும் வாரங்களில் பூவன், கதலி விலை கூடும் என்பதால், நான்கைந்து நாள் முன்னதாகக் காயாக வாங்கி வைத்துக்கொள்வது சிக்கனமும்கூட.

கனிந்து போனவற்றுக்கு

பஞ்சாமிர்தம் செய்ய நினைப்பவர்கள் பழத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் முழுக் கவனத்தையும் வைக்க வேண்டும். 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம் விருப்பாச்சி மலைவாழை. சிறுமலைப் பழமும் அதற்கு ஏற்றது. மலைப்பழத்தின் சதையில் ஈரம் குறைவு, கட்டு அதிகம். தண்ணீர் ஒரு துளியும் சேர்க்காமல் நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காயோடு பிசையும் பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்பதில் இந்தக் குணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. தேவஸ்தானத்துக்கான சர்க்கரை நம் கவுந்தப்பாடியில்தான் கொள்முதல் செய்யப்படுகிறது என்பதால், நல்ல நாட்டுச் சர்க்கரைக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. மலைப்பழம் கிடைக்காதபோது நன்கு பழுத்த, ஆனால் சதை இறுகிய கற்பூரவள்ளியைப் பயன்படுத்தலாம். பச்சைப்பழத்தில் செய்யக் கூடாது. அரை நாளில் தண்ணீர் விட்டுவிடும்.

பச்சைப்பழம் மிகக் கனிந்துவிட்டால் பணியாரத்துக்கு அதைவிட நல்லது இல்லை. கோதுமை மாவு, கொஞ்சம் அரிசி மாவு, கரைத்து வடிகட்டிய வெல்லம், ஏலக்காய் ஆகியவற்றோடு பழத்தை மசித்துக் கலந்து, குழிக் கல்லில் கடலை எண்ணெய் விட்டுச் சுட்டால் சர்க்கரை குறைவாகப் போட்டாலும் இனிப்பு போதும். கச்சாயம் (அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுடும் பலகாரம்) சுடும்போது மாவு சற்றுக் கெட்டியாகிவிட்டால், எங்கள் வீட்டில் ஒரு பழத்தைப் பிசைந்து சேர்த்துப் பதம் திருத்துவோம். சந்தகைக்கு (இடியாப்பம் போன்ற பலகாரம்) தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றும்போது, கனிந்த கதலி இரண்டை வட்டமாக அரிந்து மேலே போட்டுக் கொடுத்தால் குழந்தைகள் மறுக்காமல் சாப்பிடுவார்கள். பூவன் அதிகமாகக் கனிந்தால் புளிப்பு தூக்கலாகும் என்பதால் பாலோடு சேர்க்க வேண்டாம், திரிந்ததுபோல் ஆகிவிடும். பணியாரத்தில் போட்டால் தெரியாது. கசிந்து, நுரைத்து, கள் வாடை வரத் தொடங்கிய பழத்தை எந்தப் பலகாரத்திலும் சேர்க்காமல், தோலோடு எருக்குழியில் போட்டுவிடுங்கள். மற்ற தோல்களை மட்டும் மாட்டுக்கு வைக்கலாம்.